கால்சியம் மாத்திரையை எப்போது போடுவது?
கர்ப்பமாக இருக்கும்போது கால்சியம், இரும்புச்சத்து இரண்டு மாத்திரையும் எழுதித் தருவார்கள். மறந்துவிடுவோமே என்று பலர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்குவதும் இதே தவறுதான், தண்ணீரே போதும்.

அப்புறம், கால்சியத்தை ஒரே வேளையில் அள்ளிப் போட்டுக்கொள்வதில் பயனில்லை. ஒரு நேரத்தில் 500 மில்லிகிராம் வரைதான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். மாத்திரை அட்டையில் 'கால்சியம் கார்பனேட்' என்று இருந்தால் சாப்பிட்டவுடன் போடுங்கள். 'சிட்ரேட்' என்றால் வெறும் வயிற்றிலும் போடலாம்.

19 வயதைத் தாண்டிய கர்ப்பிணிக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய 300 கிடைத்துவிடும். பால் குமட்டுகிறதா? சரி, தயிராகச் சாப்பிடுங்கள். பசலைக்கீரையை மட்டும் இதற்காக நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிறுநீரகக் கல், தைராய்டு மாத்திரை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.