வட்டத்துக்குள் தமிழ், வளைவின் மேல் தமிழ்

பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் நிரப்புவதும், வளைகோட்டின் மேல் ஏற்றுவதும், படத்தைச் சுற்றி ஓடவிடுவதும் நாலைந்து சொடுக்கில் முடிகிற வேலை. தமிழில் அதே சொடுக்குகளைச் செய்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. 'கொ' நமக்கு ஓரெழுத்து. மென்பொருளின் கணக்கில் அது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டில் பிறப்பவை.

வடிவத்தைத் தொடுமுன்

அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பேராகிராஃப் பலகையின் மூலைப் பட்டியைத் திறந்து 'அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளை வரியாகக் கோக்கும் பகுதிதான் கம்போசர். இதைப் பத்திக்குப் பத்தி செய்துகொண்டிருக்க வேண்டாம். எந்தக் கோப்பும் திறந்திராத நிலையில் மாற்றினால், அதன்பின் உருவாக்கும் ஒவ்வொரு புதிய கோப்புக்கும் அதுவே இயல்பாகிவிடும். பழைய கோப்பென்றால் பேராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பக்கத்தில் உள்ள கம்போசரை மாற்றுங்கள். இலவச வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸ் பயன்படுத்துவோர் 1.6 பதிப்பை நிறுவிக்கொள்வது நல்லது. 1.4 வரிசைக்குத் தமிழ்த் துணையெழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கத் தெரியாது.

பிறகு ஒரு சோதனை வரி தட்டுங்கள்: கொ கோ கௌ கை கூ டு ஸ்ரீ க்ஷ. கொம்பு ககரத்துக்குப் பின்னால் வந்தாலோ புள்ளிக்கோட்டு வட்டம் தெரிந்தாலோ கம்போசர் மாறவில்லை, அல்லது அந்த எழுத்துருவில் தமிழ்த் துண்டுகளை இடமறிந்து கோக்கும் ஓப்பன்டைப் விதிகள் இல்லை. இவை சரியாக இருந்தும் ஒரே ஒரு சொல் மட்டும் உடைகிறதென்றால் தட்டச்சைச் சந்தேகியுங்கள். காலுக்குப் பதில் 'ர', ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' அடித்திருப்பது அடிக்கடி காணும் பிழை. கண்ணுக்குச் சரியாகத் தெரியும். தேடினால் கிடைக்காது, வரி ஒடியும்போது தவறான இடத்தில் ஒடியும்.

பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் வந்த உரை வேறு வகைச் சிக்கல். அங்கே 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துருவை மாற்றியதும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். மொழி அமைப்பு ஆங்கிலமாக இருந்தால் மென்பொருள் அதை ஆங்கிலச் சொல்லாக நினைத்துக் கண்ட இடத்தில் இணைப்புக்குறி போட்டு முறிக்கும். முடிந்தவரை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மாற்ற வழியில்லையென்றால் மொழியை 'நோ லாங்குவேஜ்' என்று வைத்து, ஹைஃபனேஷனையும் தானாக மாறும் மேற்கோள் குறிகளையும் அணைத்துவிடுங்கள்.

எழுத்துருத் தேர்வில் ஒரே ஒரு வற்புறுத்தல். அகலத்தைக் குறைக்க ஹாரிசாண்டல் ஸ்கேலைத் தொடாதீர்கள். 80 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் அதே தடிமனில் நிற்கும். பத்தியே சீரற்றுத் தெரியும். குறுகிய எழுத்து வேண்டுமென்றால் அப்படியே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். அனேக் தமிழ் போன்ற வேரியபிள் எழுத்துருவில், அதாவது ஒரே கோப்பில் வடிவத்தை மாற்றிக்கொள்ள முடிகிற எழுத்துருவில், அகலத்துக்கென்றே தனி நகர்த்தி இருக்கிறது. 75 முதல் 125 வரை நகர்த்தினாலும் கோட்டின் தடிமன் கெடாது.

மூடிய வடிவத்துக்குள்

இன்டிசைனில் எலிப்ஸ் கருவியோடு ஷிஃப்டை அழுத்தியபடி வட்டம் வரைந்து, டைப் கருவியால் அதற்குள் சொடுக்கினால் அது உரைச் சட்டகமாகிவிடும். அடுத்துச் செய்யவேண்டியது கண்ட்ரோல்-பி அடித்து இன்செட் (ஓரத்திலிருந்து உள்ளே விடும் வெற்றிடம்) அளவு கொடுப்பது. இது ஏன் தேவை என்பதற்குக் கணக்கு பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் உச்சியிலிருந்து 2 மி.மீ. கீழே கிடைக்கும் அகலம் 28 மி.மீ. மட்டுமே. 5 மி.மீ. கீழே ஏறத்தாழ 44, 10 மி.மீ. கீழே 60. பத்தெழுத்துத் தமிழ்ச் சொல் ஒன்று 11 பாயின்ட் அளவில் எழுத்துருவைப் பொறுத்து 30 முதல் 40 மி.மீ. வரை இடம் பிடிக்கும். ஆக, முதல் வரியில் அந்தச் சொல் நுழையாது. கீழே இறங்கி உச்சியை வெறுமையாக்கும், இல்லையேல் நடுவில் முறியும். கடைசி வரியிலும் இதே நெருக்கடிதான். மிஞ்சிய உரை சட்டக மூலையில் சிவப்புக் கூட்டல் குறியாகக் காத்திருக்கும்.

5 அல்லது 6 மி.மீ. இன்செட்டோடு தொடங்குங்கள். உரையை நடுச்சீராக்குங்கள். இருபுறமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபை வட்டத்துக்குள் தமிழுக்குப் பொருந்துவதே இல்லை. நீண்ட சொற்களுக்கிடையே ஓட்டை விழும். முதல் வரிக்குச் சின்னச் சொல் வருமாறு வாக்கியத்தையே சற்று மாற்றி எழுத முடிந்தால், அதைவிடச் சிறந்த தீர்வு மென்பொருளில் கிடையாது. சொல்லைக் கையால் முறிக்கவேண்டியிருந்தால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-கழித்தல் அடித்து விருப்ப இணைப்புக்குறி செருகலாம். முழு எழுத்து முடிந்த இடத்தில் மட்டும் செருகுங்கள். மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே விழுந்தால் புள்ளிவட்டம் முளைக்கும்.

வரி இடைவெளி தானியங்கியாக எழுத்தளவில் 120 விழுக்காடு. 10 பாயின்டுக்கு 12. மேலே விசிறியும் ('கி', 'கீ' ஆகியவற்றின் மேற்குறி) கீழே உகரச் சுழியும் கொண்ட தமிழுக்கு அது போதாது. 14 அல்லது 15 வைத்தால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ' மேல் இடிக்காது. எழுத்துருவை மாற்றியதும் முதல் வரி மட்டும் குதித்து இறங்கினால், அதே கண்ட்ரோல்-பி பெட்டியில் பேஸ்லைன் பக்கத்துக்குப் போய் முதல் அடிக்கோட்டை 'அசென்ட்' என்பதிலிருந்து 'லீடிங்' என்பதற்கு மாற்றுங்கள். ஒவ்வோர் எழுத்துருவும் தன் மேலுயரத்தை வெவ்வேறாக அறிவிப்பதால் வரும் குதிப்பு அது.

படத்தைச் சுற்றி உரை ஓடவேண்டுமென்றால் கண்ட்ரோல்-ஆல்ட்-டபிள்யூ. பொருளின் வடிவத்தைச் சுற்றும் விருப்பத்தில் 3 அல்லது 4 மி.மீ. விலகல் போதும். 'ராப் டு' என்பதில் 'லார்ஜஸ்ட் ஏரியா' வையுங்கள். இருபுறமும் ஓடவிட்டால் வாசகர் ஒவ்வொரு வரியிலும் படத்தைத் தாண்டிக் குதிக்கவேண்டும். படத்தின் கீழ்க்குறிப்பும் விலகி ஓடிவிட்டால் அந்தச் சட்டகத்துக்கு மட்டும் 'இக்னோர் டெக்ஸ்ட் ராப்' கொடுங்கள். ஸ்க்ரைபஸில் படம் உரைச் சட்டகத்துக்கு மேலடுக்கில் இருந்தால்தான் உரை விலகும்.

வளைவின் மேல்

தமிழ் மிக அதிகம் அடிபடும் இடம் இதுதான். இன்டிசைனில் ஷிஃப்ட்-டி அழுத்தினால் வரும் கருவியால் கோட்டின் மேல் சொடுக்கித் தட்டலாம். கோரல்டிராவில் 'ஃபிட் டெக்ஸ்ட் டு பாத்', இங்க்ஸ்கேப்பில் 'புட் ஆன் பாத்', ஸ்க்ரைபஸில் 'அட்டாச் டெக்ஸ்ட் டு பாத்'.

வளைவில் ஒவ்வொரு துண்டும் தன் இடத்துக்கேற்பத் தனித்தனியே சாயும். 24 பாயின்ட் எழுத்து என்றால் ஏறத்தாழ 8.5 மி.மீ. அந்த அகலமுள்ள துண்டுகள் 30 மி.மீ. ஆரமுள்ள வளைவில் அமரும்போது அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே 16 பாகை சாய்வு விழும். அப்படியென்றால் 'கொ'வின் கொம்புக்கும் காலுக்கும் இடையே ஏறத்தாழ 32 பாகை. ஓரெழுத்து விசிறிபோல் விரிந்துவிடும். அதே எழுத்தை 85 மி.மீ. ஆரத்தில் வைத்தால் அடுத்தடுத்த சாய்வு 6 பாகைக்குள் அடங்கும். கண் அதை ஓரெழுத்தாகவே படிக்கும். எனவே ஆரம் எழுத்தளவைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். வட்டம் சிறியதாகத்தான் இருக்கவேண்டுமென்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

வெளிவளைவில் எழுத்துகளின் தலைப்பகுதி விலகும், உள்வளைவில் தலைகள் நெருங்கி விசிறிகள் மோதும். 'டைப் ஆன் எ பாத்' விருப்பங்களில் உள்ள ஸ்பேசிங் மதிப்பை உயர்த்தினால் கூரிய வளைவுகளில் மிகையான இடைவெளி சுருங்கும். எழுத்துகளுக்கிடையே ஒரே சீராக இடம் கூட்டும் டிராக்கிங்கால் சரிசெய்ய முயல வேண்டாம். அது துண்டுகளுக்கு நடுவிலும் இடம் சேர்க்கும், 'கா' என்பதே ககரமும் தனிக்காலுமாகத் தெரியத் தொடங்கும். புள்ளியைத் தனிக்குறியாக வைத்திருக்கும் எழுத்துருவில் மெய்யின் புள்ளியும் இடம் பிசகலாம். 'ந்', 'ட்', 'ய்' மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

எவ்வளவு திருத்தியும் ஓரெழுத்து மட்டும் பிரிந்தே நிற்கிறதென்றால் அப்போது அவுட்லைன் எடுக்கலாம். இன்டிசைனில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ, கோரலில் கண்ட்ரோல்-க்யூ. எழுத்து வெறும் வரைகோடாகிவிடுவதால் கொம்பையும் காலையும் பிடித்து ககரத்தின் சாய்வுக்கே திருப்பிப் பொருத்தலாம். அதற்குமுன் உயிருள்ள எழுத்தின் படி ஒன்றை அச்சாகாத தனி லேயரில் வைத்துவிடுங்கள். அவுட்லைன் ஆனபின் ஒரு சந்திப்பிழையைக்கூடத் தட்டித் திருத்த முடியாது. வேரியபிள் எழுத்துருவில் வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பதால், அவுட்லைனுக்கு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்ததும் எழுத்துக்குள்ளே குறுக்குக்கோடுகள் தெரியும். முதலில் பாத்ஃபைண்டரில் 'ஆட்' கொடுத்து ஒன்றாக்குங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது பத்திகளை முழுக்க அவுட்லைன் ஆக்கும் பழக்கம் பரவலாக உண்டு. எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் போதும் என்கிற இடத்தில் அதைத் தவிருங்கள்; சிறிய எழுத்து சில அச்சுப்பொறிகளில் சற்றுத் தடித்து விழும். திறந்த கோப்பையே கொடுக்கவேண்டுமென்றால் 'பேக்கேஜ்' செய்யுங்கள். அதில் உருவாகும் 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்' கோப்புறை இன்டிசைன் கோப்பின் பக்கத்திலேயே இருக்கும்வரை, எழுத்துரு நிறுவப்படாத கணினியிலும் அது தானாக ஏறும். பிடிஎஃப்பைத் திறந்ததும் அதன் பண்புகளில் ஃபான்ட் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் பொதிந்திருப்பதாகக் குறிப்பு இருக்கவேண்டும். பிறகு வளைவுத் தலைப்புகளை 400 விழுக்காட்டில் ஒருமுறையும், உண்மை அளவில் தாளில் அச்சிட்டு ஒருமுறையும் பாருங்கள். திரையில் ஒட்டித் தெரிந்த கால்கள் தாளில் விலகி நிற்பது அப்போதுதான் தெரியவரும்.