சிங்கப்பூர் ஈரக்காற்றில் கொக்கோ விதையிலிருந்து சாக்லேட்

1670 வாக்கில் ஸ்பானியர் பிலிப்பீன்ஸுக்குக் கொண்டுவந்த கொக்கோ, 1778இல் மலாக்காவில் நடப்பட்டது. இன்றும் நமக்கு அக்கம்பக்கத்து விதைதான் வசதி: மலேசியச் சபாவின் தாவாவ், இந்தோனேசியாவின் சுலாவேசி. சுலாவேசியிலிருந்து புளிக்கவைக்காமல் உலர்த்திய விதையும் நிறைய வருகிறது. மலிவென்று அள்ளிவிடாமல், நாலைந்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் சரி. சிலேட்டுச் சாம்பல் நிறமென்றால் அது புளிக்காத விதை, எப்படி வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது.

ஒரு கிலோ விதையை 130 டிகிரி அவனில் 25 நிமிடம் வறுத்து, ஆறியதும் நொறுக்கி, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். 750 கிராம் கொக்கோப் பருப்பு தேறும்.

அரைக்க மேசைக் கிரைண்டர் போதும். உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் பல அரைவை இயந்திரங்கள் நம் கோயம்புத்தூர் கிரைண்டரின் வாரிசுகளே. ஆனால் இட்லி மாவு அரைத்த கல் வேண்டாம், கொக்கோ வெண்ணெய் (விதையிலுள்ள கொழுப்பு) அந்த வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். கழுவிய கல்லை இரண்டு நாள் உலர்த்துங்கள். கொஞ்சம் தண்ணீர் பட்டாலே சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு கலவை களிபோல இறுகிவிடும். நம் ஊர்ச் சர்க்கரையிலும் ஈரம் இருக்கும். 100 டிகிரியில் அரை மணி நேரம் காயவையுங்கள். ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருப்பதால் அதைத் தவிர்க்கவும்.

700 கிராம் பருப்புக்கு 300 கிராம் சர்க்கரை. பருப்பைச் சூடாக்கிக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல் சிக்கி பெல்ட் வழுக்கும். பருப்பு இளகி ஓடத் தொடங்கியதும் சர்க்கரை. நாக்கில் நறநறப்பு நிற்க ஏறக்குறைய 24 மணி நேரமாகும். சாதாரண மோட்டார் அவ்வளவு தாங்காது: இடையிடையே நிறுத்தி மின்விசிறியால் ஆற்றுங்கள், ஆனால் கலவை இறுகும்வரை விடாதீர்கள்.

சாக்லேட் பளபளப்பாக உறையும்படி சூடாக்கி ஆற்றிப் பதப்படுத்துவதில்தான் வீவக (அடுக்குமாடி வீட்டுச்) சமையலறை காலை வாரும். ஏர்கானை 21 டிகிரியில் வைத்து, அறை நன்றாகக் குளிர்ந்தபின் தொடங்குங்கள். கலவையை 48 டிகிரிக்குச் சூடாக்கி, கிளறியபடியே 28க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றுங்கள். 33ஐத் தாண்டினால் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். கத்தி முனையில் தடவியது ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக உறைந்தால் அச்சில் ஊற்றலாம்.

பிறகு மேலே வெள்ளை படர்ந்தால் தொட்டுப் பாருங்கள். வழவழப்பென்றால் கொழுப்பு, பதம் தவறியிருக்கிறது. சொரசொரப்பென்றால் சர்க்கரை: குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுமே பிரித்திருப்பீர்கள், நீர் பனித்திருக்கும். காற்றுப்புகா டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள்.