ஜகார்த்தாவின் பழைய நகரத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள்

டச்சுக்காரர்கள் பத்தாவியா என்று பெயர் வைத்து ஆண்ட ஊர்தான் இன்றைய ஜகார்த்தா. அதன் பழைய பகுதியான கோத்தா துவாவின் நடுவே ஃபதாஹில்லா சதுக்கம் இருக்கிறது. மூன்று பக்கமும் மியூசியங்கள். திங்கட்கிழமை போனால் மூன்றுமே பூட்டியிருக்கும். வெயிலில் வெறும் கல்தளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை வேறு தொல்லை: பாதி ஊரும் அங்கேதான் இருக்கும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு காலை நேரம் நல்லது.

டாக்ஸி பிடித்து நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜகார்த்தா கோத்தா ரயில் நிலையத்திலிருந்து சதுக்கம் சில நிமிட நடைதான். டிரான்ஸ்ஜகார்த்தா பேருந்திலும் வரலாம். ஆனால் அதில் ரொக்கம் செல்லாது, கார்டு வேண்டும்.

1710-இல் திறக்கப்பட்ட நகர மண்டபம்தான் இப்போது ஜகார்த்தா வரலாற்று மியூசியம். பலரும் மாடியில் பழைய மேசை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கீழே இருக்கும் சிறைகளைத் தவறவிடாதீர்கள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், உள்ளே உருண்டைக் கற்கள். டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபோநெகோரோவை 1830-இல் நாடு கடத்தும் முன் வைத்திருந்ததும் இதே கட்டடத்தில்தான். ஆனால் அவர் இருந்தது பாதாளத்தில் அல்ல, மாடியில்.

என்னைக் கேட்டால், நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு வாயாங் மியூசியத்தை ஒதுக்குவது. 'பொம்மலாட்டம்தானே, ராமாயணமும் மகாபாரதமும் நமக்குத் தெரியாததா' என்ற நினைப்பு. தெரியாது என்பதுதான் விஷயம். ஜாவா மகாபாரதத்தில் திரௌபதி தருமனுக்கு மட்டுமே மனைவி. சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி என்ற வீரப்பெண். அர்ஜுனனின் மனைவிகளில் ஒருத்தி. செமார் என்ற தொந்திக்காரக் கோமாளி நம் கதையில் எங்குமே கிடையாது. அங்கோ அவர் பாண்டவர்களுக்குப் பணியாள், அதே சமயம் மாறுவேடத்தில் வந்த தேவர். தோல்பாவைகளை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் உளிவேலையின் நுணுக்கம் தெரியும். இதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நுண்கலை மற்றும் பீங்கான் மியூசியத்தை நேரமிருந்தால் பாருங்கள்.

அப்புறம் சி ஜாகூர். டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த பிறகு அங்கிருந்து வந்த போர்த்துகீசியப் பீரங்கி. அதன் பின்முனையில், கட்டைவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே நீட்டிய கை முஷ்டி. பிள்ளைவரம் வேண்டி பெண்கள் பூ வைத்து வணங்கிய பீரங்கி இது. வேடிக்கைக்காக அதே முத்திரையைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். இந்தோனேசியாவில் அது ஆபாசச் சைகை.

சதுக்கத்தில் கலர் சைக்கிளும் அதற்கேற்ற தொப்பியும் வாடகைக்குக் கிடைக்கும். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். உடம்பெல்லாம் சாயம் பூசிச் சிலைபோல் நிற்பவர்களோடு படம் எடுத்தால் பெட்டியில் சில்லறை போட வேண்டும். சிலை சிரிக்காது, ஆனால் கவனிக்கும்.