ஒரு இத்தாலிய கால்பந்து கிளப்பின் சீசனை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்ப்பது எப்படி

லீக், கோப்பா இத்தாலியா (இத்தாலியின் நாக்அவுட் கோப்பை), ஐரோப்பியப் போட்டி என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு எந்த சீசனும் முழுசாகப் பிடிபடவில்லை. மூன்றையும் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதிய பிறகுதான் புரிந்தது. நான் முதலில் எழுதியது அட்டலாண்டாவின் 2023-24 சீசன். நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம்.

தேதி, எதிரணி, ஸ்கோர் போதும். சீரி ஆ (இத்தாலியின் முதல்நிலை லீக்) ஆட்டத்துக்கு நீல மை, கோப்பாவுக்குப் பச்சை, ஐரோப்பாவுக்குச் சிவப்பு. ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலை அவர்களது ஆன்ஃபீல்டு மைதானத்திலேயே 3-0 என்று வென்றார்கள். நான்கே நாளில் சொந்த மைதானத்தில் வெரோனாவுடன் 2-0 முன்னிலையைக் கைவிட்டு 2-2. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்தால் அது வெறும் சறுக்கல். என் பக்கத்திலோ அந்த நீல வரி, லிவர்பூலுடனான இரண்டு சிவப்பு வரிகளுக்கு நடுவே நிற்கிறது.

அப்புறம் நாட்களை எண்ணுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஏப்ரல் 11 முதல் மே 22 வரை 42 நாளில் 13 ஆட்டங்கள்! அப்போதைய பயிற்சியாளர் காஸ்பெரினி யாரை எப்போது உட்கார வைத்தார் என்று ஓரத்தில் குறித்தால், அவர் எந்த ஆட்டத்தை மனதில் வைத்திருந்தார் என்பது தெரியும்.

பெரிய ஆட்டங்களுக்கு எதிரே, அதில் என்ன கிடைக்கும் என்றும் எழுதுங்கள். மே 15, ரோம்: கோப்பா இறுதியில் யுவென்டஸிடம் 0-1. மூன்று நாள் கழித்து லெச்சேயில் 2-0, அடுத்த சீசனுக்கு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டி) இடம் உறுதி. மே 22, டப்ளின்: 51 ஆட்டங்களாகத் தோற்காத ஜெர்மன் அணி லெவர்குசனுக்கு எதிராக அட்டலாண்டாவின் லுக்மன் மூன்று கோல், 3-0, யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) கோப்பை. 1963 கோப்பாவுக்குப் பிறகு அவர்கள் வென்ற முதல் பெரிய கோப்பை. அந்த வரியை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

தள்ளிப்போன ஆட்டத்தை நடந்த தேதியிலேயே எழுதுங்கள். மார்ச்சில் நடக்க வேண்டிய ஃபியோரென்டினா ஆட்டம் ஜூன் 2 அன்றுதான் நடந்தது. அதில் 2-3 என்று தோற்றும், 69 புள்ளிகளோடு நான்காம் இடம்.

2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் இரண்டிலும் முதல் கட்டத்திலேயே 8 ஆட்டங்கள். அதற்கு எட்டு சிவப்பு வரி விடுங்கள். 9 முதல் 24 வரையிலான இடத்தில் முடித்தால் பிளே-ஆஃப் (அடுத்த சுற்றுக்குள் நுழைவதற்கான மோதல்) உண்டு, அதற்கு இன்னும் இரண்டு வரி.