மே மாதத்தில் விதைக்காதீர்கள்: நேரமில்லாத வீட்டின் மாடித்தோட்டத் தவறுகள்

பள்ளிக்கு முழு ஆண்டு விடுமுறை விட்டதும்தான் பல வீடுகளில் மாடித்தோட்ட ஆசை முளைக்கிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கைப்பேசியிலிருந்து அவர்களைப் பிரித்து இழுக்க ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. தாம்பரம் பக்கத்து மொட்டைமாடியில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாற்பது குரோ பேக்குகளை, அதாவது செடி வளர்க்கும் பைகளை, நிரப்பி, கையில் கிடைத்த விதைகளையெல்லாம் ஊன்றினோம். ஜூனில் பள்ளி திறந்தது. மாதக் கடைசியில் உயிரோடு மிஞ்சியவை ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இரண்டு கத்தரிச் செடிகளும். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா, வைகாசியில் யாராவது விதைப்பார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

அந்தக் கேள்வியில்தான் முதல் தவறு இருக்கிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடித் தளம் அடுப்புக் கல்லைப் போலக் கொதிக்கும். கறுப்புப் பைக்குள் இருக்கும் வேரும் கூடவே வேகும். தக்காளிக்குப் பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாமல் இருந்தால் பூ பிடிக்காது. பூத்ததெல்லாம் காம்போடு உதிரும். கொத்தமல்லி முளைப்பதே அரிது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நாம் பழமொழிப் போட்டிக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோம். ஆடிப்பெருக்கையொட்டி ஊன்றிய வெண்டை 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்து அடிப்பதற்குள் ஒரு மாத அறுவடை கையில் இருக்கும். தக்காளியை மார்கழி, தை மாதங்களில் நட்டால் சென்னைப் பக்கத்துக் குளிர்ந்த இரவுகளில் நன்றாகக் காய் பிடிக்கிறது.

அப்படியானால் கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கைவேலைகளை எல்லாம் அப்போது முடித்துவிடலாம். பெயின்ட் வாளியில் துளை போடுவது, இரும்புத் தாங்கிக்கு வண்ணம் அடிப்பது, கோகோ பீட் எனும் தேங்காய் நார்க்கழிவைக் கழுவுவது, பந்தல் கால் நிறுத்துவது, காய்ந்த இலைகளைச் சேர்த்து மட்கு போடுவது என்று நிறைய இருக்கிறது. மேயில் போட்ட மட்கு ஆடியில் தயாராக இருக்கும். வருடம் முழுக்கக் கைவேலையும் விதைப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது தவறு எண்ணிக்கை. தோட்டத்தை ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் திட்டமிடுகிறோம். ஆனால் செடி வாழப்போவது புதன்கிழமைக் காலை ஏழு மணிக்கு. அப்போது ஒருவர் சோற்றுடப்பா கட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டிருப்பார். அந்தப் புதன்கிழமையில் மாடிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? எங்கள் வீட்டில் பத்து. காய்க்கிற நிலையில் இருக்கும் ஒரு செடிப்பைக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், நாற்பது பைக்கு அறுபது லிட்டர். பத்து லிட்டர் வாளியில் ஆறு நடை. ஆறு பைக்கு ஒரே வாளி போதும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தொகுப்பில் ஆறு பைகள்தான் இருந்தன. அதைப் பார்த்தபோது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கணக்கைப் போட்டவர் வீட்டிலும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆறு பை கிடைத்ததும் ஆறு வகைக் காய் வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். ஒரு வெண்டைச் செடி, நன்றாகக் காய்த்தாலும், இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நாலு பேர் வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு இருபது காயாவது வேண்டும். ஒற்றைச் செடி வைத்தவர் வாரத்துக்கு மூன்று காயைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பாரில் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். மூன்று பையில் இரண்டிரண்டாக வெண்டை, ஒன்றில் இரண்டு மிளகாய், ஒன்றில் கத்தரி, மிச்சம் இருக்கும் அகலமான தொட்டியில் கீரை என்று வைத்தால் சமையலறைக்கு ஏதோ வந்துசேரும். கீரைதான் அவசரக்காரர்களின் பயிர். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். அப்படியே கொட்டினால் ஒரு மூலையில் புல்வெளி, மறு மூலையில் பாலைவனம். குடைமிளகாய், காலிஃபிளவர் ஆசைகள் இரண்டு வருடம் காத்திருக்கட்டும்.

எடையும் ஈரமும்

இது பலரும் கடைசியில் யோசிப்பது. முதலில் யோசிக்க வேண்டியது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி நிறையத் தோட்டத்து மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முப்பது கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது வாளியை நெருக்கி அடுக்கினால் ஏறத்தாழ 270 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு பாரம் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. பழைய வீடு என்றால் அதையும் நம்பிவிட முடியாது. எனவே மண்ணைக் குறைத்து நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்த இலேசான கலவையைப் பயன்படுத்துங்கள். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடங்களில் வரிசையாக வையுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது உறவுக்கும் நல்லது.

எடையைவிட வேகமாக வேலையைக் காட்டுவது ஈரம். பையைத் தரையில் நேராக வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி, ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கி, படுக்கையறைக் கூரையில் தேசப்படம் வரையும். இரண்டு செங்கல் போதும், பையைத் தூக்கி நிறுத்த. இன்னொன்றும் உண்டு. 2003க்குப் பிறகு தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால், பல வீடுகளில் மாடித் தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. நார்க்கழிவுத் தூள் அந்தக் குழாயின் வடிகட்டியை அடைத்துவிடும். எங்கள் மாடியில் ஓர் ஐப்பசி மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அடைத்திருந்தது ஒரு கைப்பிடி நார்தான். குழாய் வாயில் ஒரு வலைத்துண்டை வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதைத் தட்டிவிடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கலவையில் நடக்கும் தவறு பெரும்பாலும் அவசரத்தால் வருவது. கோகோ பீட் கட்டியை ஊறவைத்து, பொலபொலவென்று உதிர்ந்ததும் அப்படியே பையில் நிரப்பிவிடுகிறோம். அதில் உப்பு இருக்கிறது. இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தெடுக்க வேண்டும். கழுவினாலும் அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மட்காத நார்க்கழிவு, மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தானே இழுத்துக்கொள்ளும். இலை வெளிறி, செடி ஒரு சாண் உயரத்திலேயே நின்றுபோவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நன்றாக மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், நார்க்கழிவு, செம்மண் மூன்றையும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, ஈரப்படுத்திப் பத்து நாள் ஆறவிட்டு விதையுங்கள். அந்தப் பத்து நாளுக்குத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

காய்கறித் தோலை நேரடியாகப் பையில் போடுவதும் அதே வகை. எறும்பும் எலியும்தான் முதலில் சாப்பிட வரும். மட்குத் தொட்டி தனியாக இருக்கட்டும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என்று போட்டால் நாற்றம் வராது. அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்றிவிடுங்கள். காய் வேகவைத்த உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். முட்டை ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தக்காளியின் அடி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எல்லோரும் ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். பையில் வளரும் செடியில் பெரும்பாலும் நடப்பது வேறு. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுகிறோம். இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் காய்க்குக் கொண்டுசேர்க்கச் சீரான தண்ணீர் வேண்டும். ஓடு மட்கிச் சத்தாவதற்குள் அந்தச் செடியின் ஆயுள் முடிந்துவிடும்.

சொட்டுநீரும் பந்தலும்

தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்றதும் என் கணவர் தானியங்கிச் சொட்டுநீர் அமைக்க இறங்கினார். இரண்டு சனிக்கிழமை, ஒரு பெட்டி நிறைய இணைப்பான்கள். கடைசியில் ஒரு சொட்டும் வரவில்லை. காரணம் எளிது. மேல்நிலைத் தொட்டி தளத்திலிருந்து ஆளுயரத்தில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு நீரழுத்தம் 0.1 பார்தான் கிடைக்கும். கடையில் விற்கும், நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பல சொட்டுவான்களுக்கும், காந்தத்தால் திறக்கும் நேரக்கருவிகளுக்கும் அது போதாது. தொட்டித் தண்ணீருக்கு, பந்து வால்வு (ball valve) சுழன்று திறக்கும் வகை நேரக்கருவியும், குறைந்த அழுத்தத்தில் ஓடும் சொட்டுவானும் கேட்டு வாங்குங்கள். தொட்டி வாயில் வடிகட்டி அவசியம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து அடைக்கும். மாதம் ஒருமுறை சொட்டுவான்களைக் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும். நேரத்தைக் காலை ஆறு மணிக்கு வையுங்கள். மதியம் இரண்டு மணிக்குத் திறந்தால், கறுப்புக் குழாயில் வெயிலில் கிடந்த வெந்நீர்தான் முதலில் செடிக்குப் போகும். எல்லாம் சரியாக ஓடினாலும் விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். வாடிய செடியெல்லாம் தாகத்தால் வாடுவதில்லை. வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் தொங்கும்.

பந்தலுக்கு நைலான் கயிறு கட்டாதீர்கள். ஒரு கோடை வெயிலில் நைந்து, சரியாகப் புடலை காய்க்கும் நேரத்தில் அறுந்துவிழும். கம்பியோ தடித்த தேங்காய்நார்க் கயிறோ நல்லது. பசுமை நிழல்வலையைப் பங்குனியில் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே குறைவு. அப்போதும் வலை இருந்தால் செடி உயரமாக வளரும், காய்க்காது. காற்று வந்தால் அது பாய்மரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களே வேரோடு சாய்ந்தன. பிளாஸ்டிக் குழாயில் கட்டிய வலை எம்மாத்திரம். புரட்டாசி முடியும்போது வலையைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

கொடிக்காய் வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பூக்கிறது, பிஞ்சு வருகிறது, மஞ்சளாகி உதிர்கிறது, என்ன உரம் போடலாம்? உரம் வேண்டாம், மகரந்தம் வேண்டும். மூன்றாம் மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும். ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். எந்த நேரத்தில் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பூசணி, பாகல் பூக்கள் காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில்தான் விரியும். காலையில் மட்டும் மாடிக்குப் போகிறவர் சுரைக்கொடி வைத்தால் பிஞ்சு உதிர்வதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அலுவலகம் போகும் வீட்டுக்கு மாலைப் பூக்கள் வசதியானவை. ஆறு மணிக்கு மேல், தேநீர்க் கோப்பையோடு போய்வரலாம். எங்கள் சின்னவளுக்கு இந்த வேலையில் தனிப் பெருமை. கல்யாணத் தரகர் என்று அவளைக் கூப்பிடுகிறோம்.

பூச்சியைப் பொறுத்தவரை, நோயைப் பார்க்காமல் மருந்தைத் தேடுவதே பெரிய தவறு. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெண்டை இலை வலைப்பின்னலாய் மஞ்சளடித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். எதைத் தெளித்தாலும் மீளாது. அன்றே பிடுங்கிவிட்டு, மற்ற செடிகளுக்கு நடுவே பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு. சோப்பு இல்லாமல் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போவது கடைசிக் கண்டம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். அவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். பைகளை நிழலான சுவரோரம் நெருக்கி வைத்து, மேலே காய்ந்த இலையைப் பரப்பி, நடுவில் தண்ணீர் வாளி ஒன்றைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் திரித்த திரிகளை வாளிக்கும் பைகளுக்கும் இடையே போடுங்கள். திரியின் ஒரு முனை வாளியின் அடிவரை போக வேண்டும், மறுமுனை மண்ணுக்குள் ஒரு விரல் ஆழம் புதைய வேண்டும். பாலியெஸ்டர் துணி தண்ணீரைச் சரியாக இழுக்காது. போன பொங்கலுக்கு இப்படி விட்டுவிட்டுப் போய், காணும் பொங்கலுக்கு மறுநாள் திரும்பி வந்து பார்த்தபோது வெண்டை மட்டும் மூன்று முற்றிப்போயிருந்தது. நாட்டு ரகம் என்பதால் பறிக்காமல் விதைக்கு விட்டோம். அந்த விதை இப்போது சாம்பல் கலந்து ஒரு கண்ணாடிப் புட்டியில், ஆடிக்காக, அம்மாவின் கையெழுத்தில் பெயர் ஒட்டப்பட்டு இருக்கிறது.