மனு வேறு, வழக்கு வேறு: தொழிற்சாலை மாசால் பாதிக்கப்பட்டவர்கள் கெடுவைத் தவறவிடும் இடங்கள்

கிணற்றுத் தண்ணீரின் நிறம் மாறினால் நம் ஊர்களில் முதலில் நடப்பது இதுதான். நான்கைந்து பேர் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறார்கள். மனுவைப் பதிந்துகொண்டு ரசீது தருகிறார்கள். மனு அங்கிருந்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போகிறது. சில வாரங்கள் கழித்து, "ஆய்வு செய்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு பதில் வருகிறது. மறுபடியும் மனு, மறுபடியும் அதே பதில். இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகு வக்கீலைப் பார்க்கும்போதுதான், வழக்குப் போடும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரிகிறது.

மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான். மனு கொடுப்பது நல்லது, பின்னாளில் ஆதாரமாகவும் உதவும். ஆனால் எத்தனை மனு கொடுத்தாலும் சட்டத்தின் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். "அதிகாரிகள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், காத்திருந்தோம்" என்பதை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

எந்தக் கெடு? சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. ஆலை விதியை மீறுகிறது, தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்கும் வழக்குக்கு (பிரிவு 14) ஆறு மாதம். இழப்பீடும் நிவாரணமும், கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்டுத் தரவும் கேட்பதற்கு (பிரிவு 15) ஐந்து ஆண்டு. ஆலைக்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதி போன்ற உத்தரவுகளை எதிர்த்து மேல்முறையீடு செய்ய (பிரிவு 16) 30 நாள். தக்க காரணம் இருந்தால் மூன்றிலும் கூடுதலாக 60 நாள் வரை அனுமதிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் மன்னிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பாயம் திரும்பத் திரும்ப எடுத்துவரும் நிலைப்பாடு.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இரண்டு விதமான இழப்பு ஏற்படுகிறது. ஐந்து ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டு, ஆலையைத் தடுக்கக் கேட்கும் ஆறு மாதத்தைக் கோட்டை விடுகிறார்கள் சிலர். ஆறு மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று இழப்பீட்டு உரிமையையும் கைவிட்டுவிடுகிறார்கள் வேறு சிலர். இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம். அவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்தது, மனுவில் எழுதும் ஒரு வாக்கியம். "கடந்த பல ஆண்டுகளாக எங்கள் ஊர் நிலத்தடி நீர் பாழாகி வருகிறது" என்று தொடங்காத மனுவைக் காண்பது அரிது. பட்ட துன்பத்தின் ஆழத்தைக் காட்டவே மக்கள் அப்படி எழுதுகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அடிக்கோடிடுவதும் அந்த வரியைத்தான். ஏனென்றால் வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்தே சட்டம் கெடுவைக் கணக்கிடுகிறது. பல ஆண்டுகளாகத் தெரியும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், கெடு என்றோ முடிந்தது என்று அவர்கள் சொல்வது எளிதாகிவிடும். இதற்காக எதையும் மறைக்க வேண்டாம், மறைக்கவும் கூடாது. நடந்ததை நாள்வாரியாக எழுதுங்கள்: எந்தத் தேதி இரவு கழிவு திறந்துவிடப்பட்டது, எந்த வாய்க்காலில் போனது, என்றைக்கு மீன் செத்து மிதந்தது, எந்த வாரம் மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது. பழைய மாசின் விளைவு நீடிப்பது வேறு, புதிதாக ஒரு மீறல் நடப்பது வேறு. புதிய மீறலைப் புதிய வழக்குக் காரணமாக வாதாட இடம் உண்டு. அந்த வாதத்துக்கு உயிர் கொடுப்பது தேதிகள் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

ஆலை வருவதற்கு முன்பே எதிர்க்க நினைப்பவர்களுக்கு 30 நாள் என்பது மிகக் குறைவு. சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததும் நிறுவனம் உள்ளூரில் பரவலாக விற்கும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். உள்பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரமே கெடுவின் முதல் நாளாகிவிடக்கூடும். பொக்லைன் வந்து மண்ணை வெட்டும்போதுதான் தெரியும் என்றால் காலம் கடந்திருக்கும்.

எல்லா ஆதாரமும் சேரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வரவே 30 நாள் ஆகும், மேல்முறையீடு என்றால் மாதக்கணக்கு. ஆலைக்கு வாரியம் விதித்த நிபந்தனைகளையும் ஆய்வறிக்கைகளையும் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, வழக்கு வேலையையும் கூடவே தொடங்குங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். விபத்தாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஆலையின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற கொள்கைப்படியே தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும் என்று பிரிவு 17 சொல்கிறது.

பழக்கமான இடம் என்று உள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போவதும் நடக்கிறது. தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய இழப்பீட்டுக் கோரிக்கைகளை உரிமையியல் நீதிமன்றங்கள் ஏற்க பிரிவு 29 தடை போடுகிறது. அங்கே வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே கெடு கரைந்துவிடும்.

உடலுக்குள் மெதுவாக வேலை செய்யும் நஞ்சு விஷயத்தில் இந்தச் சட்டக் கணக்கே அநியாயமானது என்பது என் உறுதியான கருத்து. கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு நுழைந்து புற்றுநோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். சுவிட்சர்லாந்தில் அப்படி இறந்த ஒரு தொழிலாளியின் குடும்பம் போட்ட வழக்கு, பத்தாண்டுக் கெடு தாண்டியது என்று தள்ளப்பட்டது. நோய் இருப்பதையே அறிய முடியாத காலத்தைக் கெடுவில் சேர்த்தது நீதிமன்றத்தை அணுகும் உரிமையைப் பறிப்பதாகும் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. நம் சட்டத்துக்கும் அந்தத் தெளிவு வேண்டும். அதுவரை, நோய் உறுதியான நாளைக் காட்டும் மருத்துவச் சான்றையும் ஆலையில் வேலை பார்த்ததற்கான சம்பளச் சீட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட இத்தனை நாள் என்ற கெடு இல்லை. ஆனால் காரணமில்லாத தாமதம் அங்கேயும் பாதிக்கும். தீர்வு வரும் வேகமோ வேறு கதை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வேலூர் வழக்கு 1991இல் தொடங்கி, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும், இழப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும்படி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவருக்கு ஆறு மாதம் என்று கறாராக எண்ணும் அமைப்பு, தன் கடமைக்கு முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இது மாற வேண்டிய அநீதி.

இந்தத் தாமதத்தைக் காட்டியே, "வழக்கு முடியப் பல வருடம் ஆகும், இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சமரசப் பத்திரம் நீட்டப்படும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போபால் விஷவாயுக் கசிவுக்காக 1989இல் ஏற்கப்பட்ட 47 கோடி டாலர் சமரசத்தை மீண்டும் திறந்து கூடுதல் இழப்பீடு தரக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது.

பணமில்லை என்று தயங்குபவர்களுக்கு: இழப்பீடு கேட்டால் தீர்ப்பாயக் கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், கேட்காவிட்டால் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12 தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் அன்றைக்கே அங்கேயும் போய், முதல் தேதியைச் சொல்லி, உங்களுக்கு எந்தக் கெடு பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.