புரூஸ் டிக்கின்சனின் மேடைக் காட்சிகளைச் சேகரிப்பது எப்படி: நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

ஹெவி மெட்டல் பாடகர் ஒருவரின் பழைய மேடைக் காட்சிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கிடைத்ததையெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி வைத்துவிடுகிறார்கள். ஓராண்டு கழிந்ததும் எந்தக் கோப்பு எந்த ஊரில் நடந்த கச்சேரி, யார் எடுத்தது, எத்தனையாவது நகல் என்று அவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. தேதி, ஊர், மூலம் ஆகிய மூன்றும் தெரிந்த பத்து நிமிடக் காட்சி, அவை தெரியாத பத்து மணி நேரத்தைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்போகும் வேலை முழுவதும் அந்த மூன்றையும் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்த பதிவை நம் மலையின் ஈரத்திலிருந்து காப்பாற்றுவதற்குமானது.

அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனை எடுத்துக்கொள்கிறேன். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அந்தக் குழு இந்தியாவில் முதன்முறையாக வாசித்தபோது ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் போனவர்கள் உண்டு என்பதால், நம் மாவட்டத்து வீடுகளிலேயே அவருடைய காட்சிகள் கிடக்க வாய்ப்பு இருக்கிறது.

முதல் வேலை, முறைப்படி வெளியானவற்றின் பட்டியலைத் தயாரிப்பது. இதைச் செய்யாமல் தேடப் போனால், கடையில் விலைக்குக் கிடைக்கும் ஒன்றின் மங்கிய நகலை அரிய பொருள் என்று நினைத்து வருந்தி வாங்குவோம். டிக்கின்சன் 1981-இல் சாம்சன் குழுவிலிருந்து மெய்டனுக்கு வந்தார். 1982 மார்ச் 20 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் எடுக்கப்பட்ட காட்சியும், 1983 டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நடந்த, தொலைக்காட்சிக்காகப் பதிவான விழாக் காட்சியும் 2004-இல் வந்த ‘தி எர்லி டேஸ்’ டிவிடியில் இருக்கின்றன. 1985 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எடுத்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ அதே ஆண்டு வீடியோ கேசட்டாகவும் 2008-இல் டிவிடியாகவும் வந்தது. அந்த டிவிடியின் இரண்டாம் தட்டில் 1985 ஜனவரி 11 அன்று நடந்த ரியோ கச்சேரியின் பகுதி உண்டு. 1988 நவம்பரில் பர்மிங்காமில் எடுத்தது, 1992 ஆகஸ்ட் 22 அன்று டோனிங்டனில் எடுத்தது, 1993-இல் அவர் குழுவை விட்டு விலகும் வேளையில் பைன்வுட் ஸ்டுடியோவில் எடுத்தது, திரும்பி வந்தபின் 2001 ஜனவரி 19 அன்று மறுபடியும் ரியோவில் எடுத்தது என்று வரிசை நீள்கிறது. அவர் தனியாகப் பாடிய காலத்துக் காட்சிகளுக்கு 2006-இல் வந்த ‘ஆந்தாலஜி’ என்ற மூன்று தட்டுத் தொகுப்பு போதுமான தொடக்கம். இவற்றை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளருக்கு இவை வெறும் பார்வைப் பொருள்கள் அல்ல. வேறு எந்தக் கேசட் கைக்கு வந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான உரைகற்கள்.

அதன் பிறகுதான் தேடல். நம் மலையில் 1990-களின் தொடக்கத்தில் கேபிள் வந்தபோது, ஸ்டார் டிவி வழியாக எம்டிவி பார்த்துக்கொண்டே வி.சி.ஆர். என்னும் வீடியோ கேசட் மெஷினில் பதிவு செய்த இளைஞர்கள் இருந்தார்கள். அந்தக் கேசட்டுகள் இப்போது அவர்களுடைய பெற்றோர் வீட்டு மேல்பரணில் இருக்கின்றன. வீட்டுக்குப் போய், “மெட்டல் வீடியோ இருக்குதா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “அண்ணன் காலேஜ் படிக்கும்போது டிவியில இருந்து பதிவு பண்ணின கேசட் ஏதாவது கிடக்குதாம்மா?” என்று கேட்டால், கல்யாண வீடியோக்களுக்கு நடுவிலிருந்து ஒரு பை இறங்கி வரும். கேசட்டின் மேலுறையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முறை பதிவான கேசட்டில் நடுவில் ஏழு நிமிடம் மட்டும் பழைய பதிவு மிஞ்சியிருப்பது சாதாரணம். ஆகவே முழுவதையும் ஓடவிட்டுப் பார்க்காமல் எதையும் ஒதுக்கிவிடக் கூடாது.

கேசட்டைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தின் ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் மெஷின் அதன் மேல் பதியாது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டே உடையுங்கள்.

இனி ஈரம். நாடா குளிர்ச்சியை விரும்பும் பொருள். ஊட்டியின் குளிர் அதற்கு நல்லதுதான். கெடுப்பது காற்றிலுள்ள ஈரப்பதம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வாரக்கணக்கில் வீட்டுக்குள் துணி காய்வதில்லை என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வாரங்களில்தான் கேசட்டுக்குள் பூசணம் பிடிக்கிறது. கேசட்டின் கண்ணாடிச் சன்னலை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல நாடாச் சுருளின் பக்கம் கருமையாக, வழவழப்பாகப் பளபளக்கும். பூசணம் பிடித்தது, சுருளின் ஓரங்களில் சாம்பல் கலந்த வெள்ளை இழைகளாகவோ மாவு தூவியதுபோலவோ தெரியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உங்கள் நல்ல வி.சி.ஆரில் ஒருபோதும் போடாதீர்கள். பூசண வித்துகள் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் உருளைகளிலும் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஓடும்போதே கிழியும். அந்தக் கேசட்டைத் தனியாக ஒரு காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் சில வாரங்கள் உலர வையுங்கள். ஈரம் போனதும் பூசணம் வளர்வதை நிறுத்திப் பொடியாகும். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, கேசட்டின் அடிப்பக்கத்து ஐந்து திருகுகளைக் கழற்றி, சுருள்களை அப்படியே தூக்கிச் சுத்தமான வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய மெஷினில் முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றிப் பொடியை உதிர்க்க வேண்டும். மெஷினின் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். ஹெட்டின் குறுக்காக மேலும் கீழும் தேய்த்தால் முனை உடைந்துவிடும், சுழலும் திசையிலேயே துடைக்க வேண்டும். கை பழகாதவர்கள் முதலில் மதிப்பில்லாத கேசட் ஒன்றில் பழகட்டும்.

மலை வீடுகளில் துணி அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு ஈரத்தைப் போக்கும் வழக்கம் உண்டு. கேசட்டுக்கு அதைச் செய்யக் கூடாது. வெப்பம் ஒரு பக்கமாகப் படும்போது நாடா வளையும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் கூட்டை மென்மையாக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர், இவை மூன்றும் போதும். மீட்டர் 30-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட வேண்டும். கேசட்டுகளைப் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். ஊட்டியிலிருந்து கோவைக்கு எடுத்துப் போகும்போது, குளிர்ந்த கேசட் சமவெளிச் சூட்டில் வியர்க்கும் என்பதால் பையை உடனே திறக்காமல் சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகே மெஷினில் போடுங்கள்.

கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட நேரமில்லை. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவை பழுது பார்த்துப் பார்த்து ஓடுகிறவை. ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ வெளியீடு உள்ள மெஷின் கிடைத்தால் அதையே எடுங்கள். இடையில் டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவியை வைத்தால் படத்தின் ஓரம் நெளிவது நிற்கும். ஹஃப்ஒய்யூவி அல்லது எஃப்எஃப்வி1 முறையில் இழப்பின்றிப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 40 ஜிபி வரை இடம் பிடிக்கும். டிஜிட்டல் வீடியோ (DV) முறையில் 13 ஜிபி. இடம் அதிகம் என்று நேரடியாக எம்பி4-ஆக மாற்றுகிறவர்கள் உண்டு, அது பார்ப்பதற்கான நகலாக இருக்கலாமே தவிர மூலமாக இருக்கக் கூடாது. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படங்களாக, 50 அரைப்படங்கள் வருகின்றன. அவற்றை ஒன்றிணைத்து வழவழப்பாக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே வேண்டாம். செய்தால் திரும்பப் பெற முடியாது. லாங் பீச் போன்ற அமெரிக்கக் காட்சி பால் கேசட்டில் இருந்து, பாடகர் ஓடும்போது நிழல் இரட்டையாகத் தெரிந்தால், அது அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி-யிலிருந்து மாற்றப்பட்ட நகல் என்று குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெயரில்லாத காட்சிக்குத் தேதி கண்டுபிடிப்பது. முதலில் டிரம்ஸில் யார் என்று பாருங்கள்: கிளைவ் பர் என்றால் 1982 முடிவதற்குள் எடுத்தது, நிக்கோ மெக்பிரெயின் என்றால் அதற்குப் பின். கிதாரில் டேவ் மரேயுடன் ஏட்ரியன் ஸ்மித் மட்டும் நின்றால் 1990-க்கு முன். ஸ்மித்துக்குப் பதில் ஜானிக் கெர்ஸ் நின்றால் 1990 முதல் 1993 வரை. மூன்று கிதார்களும் இருந்தால் 1999 அல்லது அதற்குப் பின். 1994 முதல் 1998 வரை குழுவின் பாடகர் பிளேஸ் பெய்லி என்பதால் அந்த ஆண்டுகளின் மெய்டன் காட்சி உங்கள் சேகரிப்பில் வராது. அதே காலத்தில் டிக்கின்சன் தனிக் குழுவுடன், முற்றுகையில் இருந்த சரயேவோவில் 1994 டிசம்பரில் பாடியதுபோன்ற கச்சேரிகளைத்தான் தேட வேண்டும். அடுத்து மேடை அலங்காரம்: இரண்டு கிதார்கள் மட்டும் உள்ள காட்சியில் எகிப்தியச் சிலைகளும் இறகு முகமூடியும் தெரிந்தால் 1984–85 சுற்றுப்பயணம், பனிப்பாறைகள் என்றால் 1988. ரியோ 1985 காட்சியில் அவர் கிதாரால் தன் நெற்றியிலேயே இடித்துக்கொண்டு இரத்தத்துடன் பாடுவார். அது ஒன்றே போதுமான அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வாயைக் கேளுங்கள். கூட்டத்தைக் கத்தச் சொல்லும்போது அவர் அந்த ஊரின் பெயரைச் சேர்த்தே கூவுவது வழக்கம். பாட்டுகளின் நடுவிலுள்ள பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள், அந்தப் பதிவின் பிறப்புச் சான்றிதழையே கிழித்து எறிகிறார்கள்.

கண்டுபிடித்ததைக் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், ஊர் என்ற வரிசையில் எழுதி, பக்கத்தில் ஓர் உரைக் கோப்பில் யாரிடமிருந்து வந்தது, எத்தனையாவது தலைமுறை நகல், எந்த மெஷினில் மாற்றியது என்பதைத் தமிழிலேயே குறித்து வையுங்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணையும் சேர்த்தால் பின்னாளில் கோப்பு கெட்டதா என்று சரிபார்க்கலாம். மூன்று நகல்கள் இருக்கட்டும். ஒன்று சமவெளியில் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

விற்பது கூடாது. இந்தியச் சட்டப்படி நிகழ்த்துக் கலைஞரின் உரிமை 50 ஆண்டுகளும் திரைப்பதிவின் உரிமை 60 ஆண்டுகளும் நீடிக்கின்றன. பரிமாற்றம் செய்யும் சேகரிப்பாளர்களிடையே, பணம் வாங்கக் கூடாது என்பதும் முறைப்படி வெளியானதைச் சுற்றுக்கு விடக் கூடாது என்பதும் எழுதாத விதிகள். அவற்றை மீறுகிறவர்களுக்கு யாரும் எதையும் தருவதில்லை. கேசட்டைக் கொடுத்த வீட்டாருக்கு மூலத்தையும், அதிலிருந்த அவர்கள் வீட்டு விசேஷக் காட்சிகளின் நகலையும் பென் டிரைவில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெங்களூரு காட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெய்டன் 2009 பிப்ரவரி 15 அன்று அதே மைதானத்துக்குத் திரும்ப வந்தது என்பதால் இரண்டும் குழம்பும். 2007-இல் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆல்பத்தின் பாட்டுகள் வரும். 2009-இல் பெரும்பாலும் 1980-களின் பாட்டுகள், எகிப்தியப் பின்புலத்துடன். பார்வையாளர்கள் எடுத்தவை அன்றைய கைபேசிகளின் ‘.3gp’ வகைக் கோப்புகள். 176-க்கு 144 புள்ளி அளவில், ஒலி பிசிறி இருக்கும். அவற்றை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அது மறுபடி சுருக்கிவிடும். மெமரி கார்டிலிருந்தே நகலெடுங்கள். கைபேசிக் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம் என்பதால் கோப்பின் தேதியை மட்டும் நம்பாமல், ஒரே பாட்டைப் பலர் எடுத்த துண்டுகளை ஒலி அலைகளை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள்; ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்திருப்பார். பழைய நோக்கியா பேசிகள் இன்னும் பல வீட்டு இழுப்பறைகளில் சார்ஜ் இல்லாமல் கிடக்கின்றன. மெலிந்த முனை சார்ஜர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே கேட்கப் போங்கள்.